புள்ளிக் கணக்கில் ஒரு தீவு!

“புள்ளியா? புள்ளிக் கணக்கை எங்களுக்கே சொல்லித் தர வந்துட்டீகளா தம்பி?” என்று சிரித்துக்கொண்டே வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார் பெரியவர்.

காரைக்குடியில் பஸ் ஏறி, டிக்கட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர் கோவிலூர். கொற்றவாளீசுவரர் கோயிலும், தமிழில் வேதாந்தம் கற்பித்த பழைய மடமும் அந்த ஊரின் அடையாளங்கள். ‘இந்த உலகமே ஒரு சத்திரம், நாமெல்லாம் நாலு நாள் தங்கிப் போக வந்தவர்கள்’ என்று பெரியவர்கள் சொல்லும் தத்துவத்தை அசைபோட ஏற்ற இடம்தான். நானும் சத்திர விஷயமாகத்தான் போயிருந்தேன். ஆனால் நான் விசாரிக்கப் போன சத்திரம், கடலுக்கு அப்பால், தென்னை மரங்களுக்கு நடுவே, நீச்சல் குளத்தோடு இருந்தது!

‘டைம்ஷேர்’ என்று பெயர். ஓர் உல்லாச விடுதியின் அறையை முழுக்க வாங்காமல், வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் அனுபவிக்கும் உரிமையை வாங்குவது. அந்த வாரத்தைப் புள்ளிகளாக மாற்றிக்கொண்டு, வேறு தேசத்து விடுதியில் போய்த் தங்கவும் வழி உண்டு. நம் வாசகர்களில் சிலர் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு பத்திரம் பட்டுப் புடைவைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை எப்படி எழுப்புவது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பிரயாணம்.

பெரியவர் பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 2013-ல் சென்னையில் இருந்தபோது ஒரு டெலிபோன் வந்ததாம். ‘உங்களுக்கு ஒரு பரிசு விழுந்திருக்கிறது. தம்பதி சமேதராக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.’ போனார்கள். குளிர்சாதன ஹால், இதமான சங்கீதம், சூடான காப்பி, சுவரில் நீலக் கடல் படம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பிரஷர் குக்கரோடு வெளியே வந்தார்கள். நாலு லட்ச ரூபாய்க்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு!

“குக்கர் இன்னும் நல்லா விசில் அடிக்குது தம்பி. நாலு லட்சம்தான் சத்தமே இல்லாமக் கெடந்துச்சு!”

இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம். வருஷத்துக்கு ஏழு இரவு. ஆனால் ஒரு வருஷம் பேத்திக்குப் பரீட்சை, மறு வருஷம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் கொரோனா. பாதிக்கு மேற்பட்ட வருஷங்களின் புள்ளிகள் காலாவதியாகிவிட்டன. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

வளவு வீட்டு வித்தை

“இதுல புதுசா என்ன இருக்கு?” என்று கேட்டார் பெரியவர்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். நடுவில் வானம் பார்த்த வளவு. சுற்றிலும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. தலைமுறை பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகுவார்கள். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். கலியாணம், சாந்தி என்று வந்தால் அவரவர் பங்கை அனுபவிப்பார்கள். ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஆகிற செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். பங்கு உண்டு, முறை உண்டு, பராமரிப்பு உண்டு. இதைத்தானே விடுதிக்காரர்களும் செய்கிறார்கள்?

‘புள்ளி’ என்ற வார்த்தையும் அப்படித்தான். நகரத்தார் வழக்கில் கலியாணமான தம்பதி ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். எந்தக் கோயிலைச் சேர்ந்தவரோ அந்தக் கோயிலில் புள்ளியாகப் பதிந்துகொள்வார். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்டுவார். பதிவும் வரியும் இருந்தால்தான் உரிமை என்பது செட்டிநாட்டுக் குழந்தைக்கும் தெரிந்த பாடம்.

ஆல்ப்ஸ் மலையிலிருந்து சென்னைக்கு

மேல்நாட்டில் இந்த ஏற்பாடு தோன்றி அறுபது வருஷம்தான் ஆகிறது. 1963-ல் சுவிட்சர்லாந்தில் ‘ஹாப்பிமாக்’ என்ற ஸ்தாபனம், பங்குதாரர்கள் சேர்ந்து விடுமுறை வீடுகளை அனுபவிக்கும் முறையைத் தொடங்கியது. 1967-ல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதி வாரக் கணக்கில் உரிமையை விற்றது.

ஒவ்வொரு வருஷமும் அதே ஊர், அதே ஜன்னல் என்றால் யாருக்கும் அலுக்காதா? 1974-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டிஹான் தம்பதி இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். ‘உன் மலை வாரத்தை என்னிடம் கொடு, இன்னொருவரின் கடற்கரை வாரத்தைத் தருகிறேன்’ என்ற பண்டமாற்றுத்தான் அது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஆர்.சி.ஐ.’ என்ற மாற்று நிறுவனம். இரண்டு வருஷம் கழித்து ‘இன்டர்வல் இன்டர்நேஷனல்’ போட்டிக்கு வந்தது. 2000-ல் ஆர்.சி.ஐ. வாரங்களோடு புள்ளி முறையையும் கொண்டு வந்தது.

இந்தியாவில் இந்த வியாபாரம் வளர்ந்தது நம் சென்னையை மையமாக வைத்துத்தான். 1986-ல் ஸ்டெர்லிங், 1996-ல் மகிந்திரா. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று மலைகளில் தொடங்கி, மாற்று நிறுவனங்களின் வழியாகக் கடல் தாண்டவும் வாசல் திறந்தது.

மாற்று நடப்பது எப்படி?

பாங்கியில் பணம் போடுகிற மாதிரிதான். உங்கள் வாரத்தையோ புள்ளிகளையோ மாற்று நிறுவனத்தில் டெபாசிட் செய்கிறீர்கள். எல்லா வாரத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது. விடுதி இருக்கும் இடம், எந்தக் காலம், அறை எவ்வளவு பெரியது, வசதி எப்படி, அதற்கு எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் என்று பார்த்து விலை போடுகிறார்கள். டிசம்பர் கடைசி வாரம் தங்கம்; அடைமழை வாரம் தகரம்.

முக்கியமான இன்னொரு சங்கதி, டெபாசிட் செய்யும் நேரம். வார முறையில் ஒன்பது மாதத்துக்கு முன்பே கொடுத்தால் முழு மதிப்பு. நாள் நெருங்க நெருங்க மதிப்புக் குறையும். காலையில் சந்தைக்கு வந்த கீரைக்கும், சாயங்காலம் வாடிய கீரைக்கும் உள்ள வித்தியாசம்!

டெபாசிட்டால் மற்றொரு லாபமும் உண்டு. உங்கள் கம்பெனியில் இந்த மார்ச்சோடு காலாவதியாக வேண்டிய புள்ளிகள், மாற்று நிறுவனத்துக்குப் போனால் பெரும்பாலும் மேலும் சில காலம் உயிரோடு இருக்கும். கேட்ட இடம் உடனே கிடைக்காவிட்டால் ‘இந்த ஊர், இந்தத் தேதிக்குள்’ என்று பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். யாராவது அந்த அறையை டெபாசிட் செய்தால் வரிசைப்படி உங்களுக்கு வரும். மாற்றுக் கட்டணமும், மாற்று நிறுவனத்தின் அங்கத்தினர் சந்தாவும் தனி.

ஆச்சியின் ஆசை

இந்த இடத்தில்தான், இதுவரை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி உள்ளே வந்தார். கையில் பழைய மங்குத் தூக்கு ஒன்று. பச்சை நிறம், ஓரங்களில் கறுப்புத் தெரிந்தது.

“இது பினாங்குச் சாமான் தம்பி. எங்க அப்பச்சி வாங்கியாந்தாக.”

ஆச்சியின் தகப்பனார் பினாங்கில் ஒரு மார்க்காவில் ஏஜண்டாக இருந்தவர். அந்தக் காலத்தில் சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறுவது வழக்கம். அங்கே தங்குவது கிட்டங்கியில். நீளமான ஒரே கூடம். வரிசையாகக் கணக்குப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒரு பாய். பகலில் அதுவே ஆபீஸ், இரவில் அதுவே படுக்கை. பின்கட்டில் பொதுச் சமையல். பல மார்க்காக்காரர்களுக்கு ஒரே கூரை. தீவில் பங்கு போட்டுத் தங்கும் வித்தையை நம்மவர்கள் அப்போதே கற்றுவிட்டார்கள், பாருங்கள்!

“எனக்கு வெவரம் தெரிஞ்சு அவுகளைப் பார்த்ததைவிட, அவுக அனுப்புன சாமானைப் பார்த்ததுதான் அதிகம். ‘தண்ணீர்மலைக் கோயில், வெள்ளித்தேர்’னு ஒரு தடவை கதை சொன்னாக. அந்தத் தெருவுல ஒருநாள் நின்னு பார்க்கணும். வேற ஒண்ணும் இல்லை.”

பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தின்போது போகும் நகரத்தாரின் வெள்ளித்தேர், 1894-ல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் போனது. அந்தத் தெருக்கள் இருக்கும் ஜார்ஜ் டவுன், 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

ஆச்சிக்கு எழுபது வயது. முழங்கால் அடிக்கடி தகராறு செய்கிறது. “இந்த வருஷம் போனால்தான் உண்டு” என்று டாக்டர் சொல்லவில்லை, ஆச்சியே சொல்லிவிட்டார்.

மூன்றில் ஒன்றை விடு!

ஆடி மாதம் பெரியவர் பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டினார். கணக்குப் புரிவதற்காகச் சின்ன எண்களில் சொல்கிறேன். அவருக்கு வருஷத்துக்கு 100 புள்ளி. போன வருஷத்து மிச்சம் 100. அது மார்ச் 31-ல் காலாவதி. ஆகக் கையில் 200.

‘தைப்பூச வாரம், பினாங்கு, மகள் குடும்பமும் சேர்ந்து தங்கப் படுக்கையறையும் கூடமும் உள்ள ஜாகை’ என்று கேட்டார். 240 புள்ளி வேண்டும் என்று பதில் வந்தது. அதோடு, அந்த வாரத்தில் அறையே இல்லை!

பெரியவர் பத்திரத்தை மூடப் போனார். ஆச்சிதான் தடுத்தார். “கூட்டுக் குடும்பத்துல எல்லாம் நம்ம இஷ்டப்படி கிடைக்குமா? எதையாவது விட்டுக்கொடுங்க!”

இந்த ஒரு வாக்கியத்தில்தான் மாற்றின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. இடம், தேதி, அறையின் அளவு என்று மூன்று விஷயங்கள். மூன்றையும் பிடிவாதமாகப் பிடித்தால் ஒன்றும் கிடைக்காது. ஒன்றை விட்டால் கதவு திறக்கும். இரண்டை விட்டால் உபசாரமே நடக்கும்! ஆச்சிக்கு இடம்தான் உயிர். ஆகவே மற்ற இரண்டையும் விட்டார்கள். தைப்பூசத்துக்கு நாலு வாரம் கழித்து. இரண்டு பேர் மட்டும் தங்கச் சின்ன அறை. காத்திருப்பில் பதிந்தார்கள். கார்த்திகையில் கடிதம் வந்தது: பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம், சமையல் மேடையோடு ஓர் அறை, ஏழு இரவு, 110 புள்ளி.

தீவுக்குத் தீவு மழை

தேதியை விட்டுக்கொடுக்கலாம், ஆனால் மழையில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாதே! புள்ளி ரொம்ப மலிவாக இருக்கிறது என்றால் வானத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமக்குப் பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரல், மே. பூக்கெட்டிலும் மாலத்தீவிலும் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், அலையும் அதிகம். புள்ளி குறைவாகத்தான் கேட்பார்கள். அந்தமானில் மே பின்பாதியில் மழை இறங்கிவிடும். பாலித் தீவில் இதற்கு நேர்மாறு. நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே மழை. மே மாதம் வெயிலும் உண்டு, ஜூலை, ஆகஸ்ட் கூட்டமும் வந்து சேர்ந்திருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பத்துக்குப் புள்ளியும் குறைந்து வானமும் தெளிந்த இடம் வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டிய தீவு அது. இலங்கையில் ஒரே தீவுக்குள் இரண்டு கணக்கு. மேற்கிலும் தெற்கிலும் மே மாதம் மழை பிடிக்கும்போது, திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும்.

வட்டியையும் சேர்!

“இப்போ அடக்க விலையைப் பாருங்க” என்று நோட்டைப் பிரித்தார் பெரியவர். பாங்கிக்காரர் அல்லவா!

நாலு லட்சத்தை இருபத்தைந்தால் வகுத்தால் வருஷத்துக்கு 16,000 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் 20,000. முதல் தேயத் தேய வட்டியும் தேயும்; ஆகவே ஆறு சதவீதத்தில் சராசரி வட்டி 12,000. (வட்டியைச் சேர்க்காமல் செட்டிநாட்டில் கணக்கு முடியுமா?) ஆக 48,000. புள்ளி ஒன்றுக்கு 480 ரூபாய்.

பினாங்குக்கு 110 புள்ளி, அதாவது 52,800. மாற்றுக் கட்டணமும் சந்தாவும் 14,000. மொத்தம் 66,800. ஓர் இரவுக்கு 9,543 ரூபாய். அதே மாதிரி அறையை நேரே வாடகைக்குப் பிடித்தால் சுமார் 8,500 ரூபாய்தான் என்று பேரன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான்.

“அப்படியானால் நஷ்டம்தானே?” என்றேன்.

“ரெண்டு கணக்கு இருக்கு தம்பி. இனிமே வாங்கப் போறவனுக்கு இது நஷ்டம். நான்தான் வாங்கித் தொலைச்சவனாச்சே! அந்த 100 புள்ளியை மார்ச்ல விட்டிருந்தா ஒரு காசு திரும்பியிருக்காது. இப்போ நான் புதுசாப் போடறது 14,000. இந்த வருஷத்துப் புள்ளி பத்துக்கு 4,800. மொத்தம் 18,800. ராத்திரிக்கு 2,686 ரூபாய். இது லாபம்!”

பத்திரம் வைத்திருப்பவர்களும், பத்திரம் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இந்த இரண்டு கணக்கையும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். வாங்கியாகிவிட்டதா? ஒரு வருஷத்தைக்கூடத் தூங்க விடாதீர்கள். வாங்கவில்லையா? அவசரப்படாதீர்கள், உங்கள் ஊர் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, வருஷம் தவறாமல் போகிற குடும்பத்துக்கு ஒருவேளை கட்டும். ‘போகலாம், போகலாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கு ஒருபோதும் கட்டாது.

புள்ளி எதற்கெல்லாம் உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விமான டிக்கட் நம் செலவு. சில தீவு விடுதிகளில் சாப்பாட்டுக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். பதியும் முன் கேட்டுவிட வேண்டும். மலேசியாவில் 2017 முதல் அந்நியப் பிரயாணிகளுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. பாலியில் 2024 பிப்ரவரி முதல் தலைக்கு ஒன்றரை லட்சம் ரூபியா; ரூபாய் அல்ல, பயப்படாதீர்கள்! மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்து, 2026 இறுதி வரை அதை நீட்டித்திருக்கிறது. ஆனால் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இன்டர்நெட்டில் நிரப்பிவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால்

‘இன்றைக்கே சேர்ந்தால்தான் இந்த விலை’ என்று யாராவது சொன்னால், நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதிகளை ஒப்பந்தத்தில் தேடுங்கள். இல்லையென்றால் அவை காற்றோடு போனவை. பராமரிப்புக் கட்டணம் எப்படி உயரும், புள்ளி எத்தனை நாள் உயிரோடு இருக்கும், எந்தக் காலத்துக்கு உரிமை என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். ஐரோப்பிய யூனியனில் 2008-ல் வந்த உத்தரவுப்படி, கையெழுத்துப் போட்ட பின்னும் மனம் மாற 14 நாள் உண்டு. இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. கம்பெனியின் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று நாமேதான் பார்க்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து யோசனை கேட்கலாம். ‘உங்கள் பத்திரத்தை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள்’ என்று ஒரு குரல் வந்தால் மட்டும், டெலிபோனை மரியாதையாகக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் விடைபெற எழுந்தபோது, திறந்த டிரங்குப் பெட்டிக்கு முன்னால் ஆச்சி உட்கார்ந்திருந்தார். இரண்டு புடைவை, முழங்கால் தைலம், ஒரு சின்ன உறையில் தகப்பனாரின் படம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மங்குத் தூக்கு.

“திருச்சியில விமானம் ஏறிக் கோலாலம்பூர். அங்கேருந்து ரயில், அப்புறம் படகு. அப்பச்சி தண்ணியில போனாக. நானும் கடைசிக் கொஞ்ச தூரமாவது தண்ணியில போறேனே!”

“தைப்பூசத்துக்குப் போக முடியவில்லையே, வருத்தமில்லையா ஆச்சி?” என்று கேட்டேன்.

“தேர் போனா என்ன தம்பி? தேர் போன தெரு இருக்கும்ல!” என்றார் ஆச்சி. பிறகு தூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “அப்பச்சிக்கு மூணு வருஷக் கணக்கு. எனக்கு ஏழு ராத்திரிக் கணக்கு. போதும்.”

பெரியவர் நோட்டை மூடிவிட்டார். மிச்சமுள்ள 90 புள்ளியை யாருக்காக எப்போது செலவழிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலில் காரைக்குடி பஸ் ஹாரன் அடித்தது.